பழைய அமெரிக்க அகாடமியின் பாடப் பட்டியலைப் படிக்கும் முறை: மொழிகளும் கணிதமும், 1900–1920

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதவோ மொழிபெயர்க்கவோ முற்படுகிறவர், 'அவர் ஆண்டோவரில் படித்து யேல் கல்லூரிக்குத் தயாரானார்' என்பது போன்ற ஒரு வரியை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. அந்தத் 'தயாரானார்' என்ற சொல்லுக்குள் நான்கு ஆண்டு லத்தீனும், இரண்டு மூன்று ஆண்டு கிரேக்கமும், இருபடிச் சமன்பாடுகள் வரையிலும் அதற்கு மேலும் சென்ற இயற்கணிதமும், தேற்றம் தேற்றமாக நிரூபிக்கப்பட்ட வடிவியலும் அடங்கியிருக்கின்றன. அவற்றை அறிந்துகொள்ள நமக்குக் கிடைக்கும் முதல் சான்று, அந்தப் பள்ளிகள் ஆண்டுதோறும் அச்சிட்ட 'கேட்டலாக்' என்னும் சிறு நூல்தான். அதில் மொழி, கணிதப் பாடங்கள் இரண்டு மூன்று பக்கங்களில் சுருக்கக் குறிப்புகளாக இருக்கும். அந்தக் குறிப்புகளை விரித்துப் படிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டியலை முதலாம் ஆண்டிலிருந்து கீழ்நோக்கிப் படிப்பது நமக்கு இயல்பாக வரும். ஆனால் அதைக் கடைசி ஆண்டிலிருந்து, அதாவது கல்லூரி வாசலிலிருந்து, பின்னோக்கிப் படிக்க வேண்டும். அகாடமி என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது கல்லூரியின் நுழைவுத் தேர்வு. அதைத் தெரிந்துகொண்டால், பட்டியலில் விளங்காமல் நிற்கும் வரிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் 'அகாடமி' என்றதும் சாகித்ய அகாடமி போன்ற அமைப்போ, நீட் பயிற்சி மையமோ நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது மேல்நிலைப் பள்ளி நிலையிலுள்ள தனியார் கல்வி நிறுவனம். மாணவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்தனர். மாசசூசெட்ஸில் 1778இல் தொடங்கிய ஆண்டோவரின் ஃபிலிப்ஸ் அகாடமியும், நியூ ஹாம்ப்ஷயரில் 1781இல் தொடங்கிய எக்ஸிடரின் ஃபிலிப்ஸ் அகாடமியும் இவற்றுள் பெயர்பெற்றவை. 1900 அளவில் அரசின் பொது உயர்நிலைப் பள்ளிகள் எண்ணிக்கையில் அகாடமிகளை விஞ்சிவிட்டன. ஆனாலும் கிழக்குக் கடற்கரையின் பழைய கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பும் வேலையில் அகாடமிகளின் இடம் உறுதியாகவே இருந்தது.

அடுத்தது வகுப்புப் பெயர்கள். அமெரிக்கக் கல்லூரியில் 'ஜூனியர்' என்றால் மூன்றாம் ஆண்டு மாணவர். ஆண்டோவர் போன்ற அகாடமியிலோ ஜூனியர் என்பது முதலாம் ஆண்டு. அதன்பின் லோயர் மிடில், அப்பர் மிடில், சீனியர் என்று வரிசை போகும். நான் முதன்முதலில் ஒரு கேட்டலாக்கைக் கையில் எடுத்தபோது இதை அறியாமல், ஜூனியர் வகுப்பின் தொடக்க லத்தீனை மூன்றாம் ஆண்டுப் பாடமாகக் குறித்துவைத்து, ஒரு மாதத்துக் குறிப்புகள் அனைத்தையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஆகவே எந்தப் பள்ளியின் பட்டியலை எடுத்தாலும், மாணவர் பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்துக்குச் சென்று வகுப்புகளின் ஏறுவரிசையை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

'ரெசிட்டேஷன்' என்ற சொல்லும் ஏமாற்றும். அது செய்யுள் ஒப்பித்தல் அன்று. வகுப்புவேளையையே அப்படி அழைத்தனர். மாணவர் முந்தைய இரவே பாடத்தைத் தயாரித்து வருவார். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுந்து நின்றோ கரும்பலகைக்குச் சென்றோ தாம் படித்ததைக் காட்டுவார். வாரத்துக்கு ஐந்து ரெசிட்டேஷன் என்றால் ஐந்து பாடவேளை என்று கொள்க. அந்த ஐந்துக்கும் பின்னால் இருந்த தயாரிப்பு நேரம் பட்டியலில் வராது.

கல்லூரி வாசலில் என்ன கேட்டார்கள்

பட்டியலைப் பின்னோக்கிப் படிக்க வேண்டுமானால் வாசலில் கேட்கப்பட்டவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு நுழைவுத் தேர்வை வைத்திருந்ததால், ஒரே வகுப்பில் ஹார்வர்டுக்கு ஒருவரையும் யேலுக்கு ஒருவரையும் பிரின்ஸ்டனுக்கு ஒருவரையும் தயாரிக்க வேண்டிய சுமை அகாடமி ஆசிரியர்கள்மேல் விழுந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவற்றுள் நமக்கு மூன்று முக்கியமானவை.

முதலாவது, தேசியக் கல்விச் சங்கம் 1892இல் அமைத்த பதின்மர் குழு. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் அதற்குத் தலைமை வகித்தார். கிளாசிக்கல் (லத்தீனோடு கிரேக்கமும் உள்ளது), லத்தீன்-சயன்டிஃபிக் (லத்தீனோடு அறிவியல்), நவீன மொழிகள், ஆங்கிலம் என நான்கு மாதிரிப் பாடத்திட்டங்களை அது முன்வைத்தது. இரண்டாவது, 1900இல் உருவான கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான அதன் முதல் தேர்வு 1901 ஜூனில் நடந்தது. எழுதியவர்கள் 973 பேர். விடையைத் தேர்ந்தெடுத்துக் குறியிடும் முறை அப்போது கிடையாது. எல்லாமே எழுதி விளக்க வேண்டிய வினாக்கள். மூன்றாவது, 1905இல் நிறுவப்பட்ட கார்னகி அறக்கட்டளை பரப்பிய 'யூனிட்' அளவு. ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேர வகுப்பு, அதாவது ஓர் ஆண்டுப் படிப்பு, ஒரு யூனிட் ஆகும். கல்லூரி என்று மதிக்கப்பட விரும்பும் நிறுவனம் நுழைவுக்குக் குறைந்தது 14 யூனிட் கேட்க வேண்டும் என்று அந்த அறக்கட்டளை வரையறுத்தது.

கையிலுள்ள கேட்டலாக் எந்த ஆண்டினது என்று பார்த்து, இந்த மூன்றில் எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். 1898ஆம் ஆண்டுப் பட்டியலில் யூனிட் கணக்கைத் தேடினால் கிடைக்காது. 1912ஆம் ஆண்டுப் பட்டியலில் பெரும்பாலும் கிடைக்கும்.

லத்தீனும் கிரேக்கமும்

பட்டியலில் நீங்கள் காணப்போவது இத்தகைய வரிகள்: 'சீசர், ஒன்று முதல் நான்கு, உரைநடை, 5.' இதில் நூலின் பெயர்கூட இருக்காது. சீசர் கால்லியப் போரைப் பற்றி எழுதிய நூலின் முதல் நான்கு பகுதிகள் என்பதும், வாரத்துக்கு ஐந்து பாடவேளை என்பதும் இதன் பொருள். லத்தீன் படிப்பின் வழித்தடம் ஏறக்குறைய எல்லா அகாடமிகளிலும் ஒன்றே: முதலாம் ஆண்டில் இலக்கணமும் எளிய வாக்கியங்களும், இரண்டாம் ஆண்டில் சீசரின் நான்கு பகுதிகள், மூன்றாம் ஆண்டில் சிசரோவின் ஆறு சொற்பொழிவுகள், நான்காம் ஆண்டில் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் பாதி, அதாவது பன்னிரண்டு காண்டங்களில் முதல் ஆறு. சிசரோவின் ஆறு என்றால் வழக்கமாகக் கட்டிலினாவுக்கு எதிரான நான்கும், மனிலியஸ் சட்டத்தை ஆதரித்த ஒன்றும், ஆர்க்கியாஸ் என்ற கவிஞருக்காக வாதாடிய ஒன்றும் ஆகும். சில பள்ளிகளில் சிசரோவும் வெர்ஜிலும் இடம் மாறியிருக்கும். அதில் பெரிய உட்பொருள் எதையும் தேட வேண்டாம்.

மேலே கண்ட வரியில் 'உரைநடை' என்று வருவது 'காம்போசிஷன்'. அந்தச் சொல்லைக் கட்டுரை எழுதுதல் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ஆங்கில வாக்கியத்தை லத்தீனாக மாற்றி எழுதுவதே லத்தீன் உரைநடைப் பயிற்சி. வாரத்தில் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்படுவதுண்டு. படித்துக்கொண்டிருக்கும் சீசரின் சொற்களையும் தொடரமைப்பையும் கொண்டே வாக்கியங்கள் தரப்படும் என்பதால், மாணவர் படித்ததை உண்மையில் உள்வாங்கினாரா என்பதை இதுதான் வெளிப்படுத்தியது.

வகுப்பில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் பட்டியலின் அந்த '5' என்ற எண்ணின் கனம் புரியும். மாணவர் எழுந்து நான்கைந்து வரிகளை லத்தீனில் வாய்விட்டுப் படிப்பார். பின் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பொருள் கூறுவார். நம் பழைய உரையாசிரியர்களின் பதவுரையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அதோடு விடமாட்டார்கள். இந்தப் பெயர்ச்சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது, ஏன் அந்த வேற்றுமை, இந்த வினையின் நான்கு மூல வடிவங்கள் யாவை என்று வினாக்கள் தொடரும். 'அமோ, அமாரே, அமாவி, அமாட்டும்' என்று நேசித்தல் என்னும் வினையின் நான்கு வடிவங்களைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அந்த நான்கும் தெரிந்தால்தான் அந்த வினையின் மற்ற எல்லாத் திரிபுகளையும் ஆக்க முடியும். ஒரு பாடவேளைக்குள் முப்பது, நாற்பது வரிகளை இப்படிப் பிரித்துப் பார்ப்பது எளிய வேலையன்று.

'சைட் டிரான்ஸ்லேஷன்', அதாவது முன்பின் பாராத பகுதியை அங்கேயே மொழிபெயர்த்தல், என்ற குறிப்பு வந்தால் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட நூல்களை மனனம் செய்தே தேர்வைக் கடந்துவிடும் பழக்கத்துக்கு எதிராக இது வளர்ந்தது. 1909இல் லத்தீன் நுழைவுத் தேவைகளை ஆராய்ந்த ஆணையம் இதற்கு மேலும் அழுத்தம் கொடுத்தது. என் பார்வையில், ஒரு பள்ளி லத்தீனை மொழியாகக் கற்பித்ததா, பாடநூலாகக் கற்பித்ததா என்பதைக் காட்டும் மிக நல்ல அடையாளம் இந்த ஒரு வரிதான்.

கிரேக்கம் லத்தீனுக்குப் பின்னரே தொடங்கும். செனஃபோனின் அனபாசிஸ் நூலில் முதல் நான்கு பகுதிகளும், ஹோமரின் இலியட்டில் முதல் மூன்று காண்டங்களும் வாசலில் கேட்கப்பட்டவை. இலியட் பற்றிய குறிப்பில் 'இரண்டாம் காண்டம் 494ஆம் வரி முதல் முடிவு வரை நீங்கலாக' என்று ஒரு விலக்கு அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அங்கேதான் கிரேக்கக் கப்பல்களின் நீண்ட பட்டியல் தொடங்குகிறது. ஊர்ப்பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் நிறைந்த அந்தப் பகுதியை மாணவர்கள்மேல் சுமத்தவில்லை. கிளாசிக்கல் பிரிவில் அல்லாமல், அறிவியல் சார்ந்த சயன்டிஃபிக் பிரிவில் சேர்ந்தவர்களுக்குக் கிரேக்கம் கிடையாது. அவர்கள் அந்த நேரத்தில் ஜெர்மனோ பிரெஞ்சோ கூடுதல் கணிதமோ படித்தனர். ஆகவே ஒருவர் கிரேக்கம் படித்தாரா என்பதை அறிய, மாணவர் பெயர்ப் பட்டியலில் அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று பாருங்கள்.

நவீன மொழிகளும் ஆங்கிலமும்

பிரெஞ்சு, ஜெர்மன் பாடங்களுக்குப் 'பக்கக் கணக்கு' உண்டு. நவீன மொழிச் சங்கத்தின் பன்னிருவர் குழு 1890களின் இறுதியில் வகுத்த அளவின்படி, தொடக்க ஜெர்மனில் முதல் ஆண்டு 75 முதல் 100 பக்கமும் இரண்டாம் ஆண்டு 150 முதல் 200 பக்கமும் படிக்க வேண்டும்; பிரெஞ்சில் முறையே 100 முதல் 175 பக்கமும், 250 முதல் 400 பக்கமும். பட்டியலில் 'எலிமென்டரி' என்று கண்டால் அது இந்த இரண்டு ஆண்டுப் படிப்பைக் குறிக்கும்; 'இன்டர்மீடியட்' என்றால் மூன்றாம் ஆண்டு. பேச்சுப் பயிற்சி ஓரளவு இருந்தாலும் படித்துப் பொருள் கொள்வதே நோக்கமாக இருந்தது.

ஜெர்மன் விஷயத்தில் ஆண்டைப் பார்த்தே தீர வேண்டும். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அந்த மொழிக்கு எதிரான உணர்வு நாடெங்கும் பரவியது. பொது உயர்நிலைப் பள்ளிகளில் 1915இல் ஏறக்குறைய நான்கில் ஒரு மாணவர் ஜெர்மன் படித்தார். 1922இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நீங்கள் ஆராயும் அகாடமியின் 1916, 1919 பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்து, அங்கே என்ன நடந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்; பொதுப் போக்கை ஒரு பள்ளியின்மேல் ஏற்றிவிட வேண்டாம்.

ஆங்கிலப் பாடத்தில் இரு பட்டியல்கள் இருக்கும்: பொதுவாகப் படித்திருக்க வேண்டியவை ஒன்று, நுணுக்கமாகப் பயில வேண்டியவை மற்றொன்று. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தும், மில்டனின் சிறு கவிதைகளும், அமெரிக்கக் குடியேற்றங்களோடு இணக்கம் காண வேண்டும் என்று 1775இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரையும் இரண்டாவது பட்டியலில் பல ஆண்டுகள் நிலைத்திருந்தன.

கணிதம்

'இருபடிச் சமன்பாடுகளுக்கு முன் வரை', 'இருபடிச் சமன்பாடுகளும் அதற்கு மேலும்' என்ற இரண்டு தொடர்கள்தாம் இயற்கணிதத்தின் எல்லைக்கற்கள். முதலாவதில் நான்கு அடிப்படைச் செயல்கள், காரணிப்படுத்தல், பின்னங்கள், ஒருபடிச் சமன்பாடுகள், மூலங்கள், அடுக்குகள் ஆகியவை வரும். இரண்டாவதில் இருபடிச் சமன்பாடுகளோடு, கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும், மிகை முழு எண் அடுக்குக்கான ஈருறுப்புத் தேற்றமும் சேரும். தேர்வு வாரியம் இவற்றுக்கு எழுத்துக் குறியீடு வைத்திருந்தது: தொடக்க இயற்கணிதம் 'ஏ', தள வடிவியல் 'சி', கன வடிவியல் 'டி'. பட்டியலில் வெறும் 'கணிதம் சி' என்று கண்டு திகைக்க வேண்டாம். 'மேல்நிலை இயற்கணிதம்' என்றால் வரிசைமாற்றமும் சேர்மானமும், கலப்பெண்கள், அணிக்கோவைகள், உயர்படிச் சமன்பாடுகளுக்கு ஹார்னர் முறையில் தோராயத் தீர்வு காணுதல் ஆகியவை. வகை நுண்கணிதத்தையோ தொகை நுண்கணிதத்தையோ இங்கே தேடாதீர்கள், அவை கல்லூரிக்குரியவை. இன்றைய பன்னிரண்டாம் வகுப்போடு ஒப்பிட்டு இந்தப் பாடத்திட்டத்தைத் தாழ்வாகக் கருதுவதும் தவறு. பரப்பு குறுகியதுதான்; ஆனால் அந்தக் குறுகிய பரப்புக்குள் ஓரங்குலமும் விடாமல் உழுதார்கள்.

வடிவியலில் 'புத்தகம் 1 முதல் 5' என்ற குறிப்பை யூக்ளிடின் ஐந்து புத்தகங்கள் என்று எடுத்துக்கொள்வதே பலரும் செய்யும் பிழை. அமெரிக்கப் பள்ளிகள் அப்போது பெரும்பாலும் யூக்ளிடை நேரடியாகப் பயன்படுத்தவில்லை. எக்ஸிடரில் நீண்ட காலம் கணிதம் கற்பித்த ஜார்ஜ் வென்ட்வொர்த்தின் பாடநூல்கள் நாடெங்கும் பரவியிருந்தன. அவருடைய பகுப்பில் முதல் புத்தகம் நேர்க்கோட்டு உருவங்கள், இரண்டாவது வட்டம், மூன்றாவது விகிதசமமும் வடிவொத்த உருவங்களும், நான்காவது பரப்பளவு, ஐந்தாவது ஒழுங்குப் பலகோணங்களும் வட்டமும். ஆறு முதல் எட்டு வரை கன வடிவியல். ஆகவே 'ஒன்று முதல் ஐந்து' என்றால் தள வடிவியல் முழுவதும் முடிந்தது என்று பொருள்.

இனி 'ஒரிஜினல்ஸ்' என்ற சொல். கணிதப் பக்கத்தில் நான் மிகவும் மதிக்கும் சொல் இதுதான். நூலில் நிரூபணம் தரப்படாமல், மாணவர் தாமே கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டிய கணக்குகளை அப்படி அழைத்தனர். ஓர் எடுத்துக்காட்டு: எந்த நாற்கரத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும் என நிறுவுக. மாணவர் கரும்பலகையில் ஒரு கோணல்மாணலான நாற்கரத்தை வரைந்து நடுப்புள்ளிகளை இணைத்து நிற்கிறார், வழி தெரியவில்லை. பிறகு ஒரு மூலைவிட்டத்தை வரைகிறார். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகிறது. முக்கோணத்தின் இரு பக்க நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்ற தேற்றம் அவருக்கு முன்பே தெரியும். ஒரு முக்கோணத்தில் அந்தக் கோடு மூலைவிட்டத்துக்கு இணை, அதில் பாதி. மற்ற முக்கோணத்திலும் அப்படியே. எனவே எதிரெதிரான அந்த இரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் சமமாகவும் உள்ளன, உருவம் இணைகரமே. வரையப்படாத அந்த ஒரு கோட்டைத் தானாகக் காண்பதற்கே இந்தப் பயிற்சி. பட்டியலில் 'ஒரிஜினல்ஸுக்குச் சிறப்புக் கவனம்' என்றோ, தேர்வு விதிகளில் அவை கேட்கப்படும் என்றோ இருந்தால், அங்கே வடிவியல் மனப்பாடமாக மட்டும் நடக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

முக்கோணவியல் பெரும்பாலும் சீனியர் ஆண்டின் அரை ஆண்டுப் பாடம். மடக்கை அட்டவணையைக் கொண்டு முக்கோணங்களைத் தீர்ப்பதில் அதன் பெரும்பகுதி செலவாயிற்று. இயற்கணிதம், வடிவியல், இயற்பியல் ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்காமல் இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று சிகாகோ பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஈ. எச். மூர் 1902 டிசம்பரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் பேசினார். அகாடமிகளின் பட்டியல்களில் அந்தக் குரலின் தடயம் அரிதாகவே தென்படும். நுழைவுத் தேர்வு பெட்டி பெட்டியாகக் கேட்டவரை, பள்ளியும் பெட்டி பெட்டியாகவே கற்பித்தது.

கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே உள்ள வாரப் பாடவேளை எண்களை நான்கு ஆண்டுகளுக்கும் கூட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பதின்மர் குழுவின் கிளாசிக்கல் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம். அதில் வாரத்துக்கு 20 பாடவேளை. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 80. லத்தீனுக்கு 5, 5, 4, 4 என 18; கடைசி இரண்டு ஆண்டுகளில் கிரேக்கத்துக்கு 10; ஜெர்மன் அல்லது பிரெஞ்சுக்கு 11; ஆங்கிலத்துக்கு 11. மொழிகள் மட்டும் 50. கணிதத்துக்கு 4, 3, 4, 3 என 14. அதிலும் கடைசி மூன்றுக்குப் பதிலாக வரலாறு படிக்கலாம். உங்கள் அகாடமியில் லத்தீன் இதைவிடக் கூடுதலாக இருந்தால், அல்லது கிரேக்கம் ஓராண்டு முன்னதாகவே தொடங்கியிருந்தால், அது பழைய கல்லூரிகளை நோக்கியே நின்றது என்று சொல்லலாம்.

யூனிட் கணக்கு வந்த பிறகான பட்டியலாக இருந்தால் வேறு வகையில் கூட்டலாம். லத்தீன் 4, கிரேக்கம் 3, ஆங்கிலம் 3, இயற்கணிதம் ஒன்றரை, தள வடிவியல் 1, மொத்தம் பன்னிரண்டரை. பதினான்கில் மீதி ஒன்றரைக்குள்தான் வரலாறும் அறிவியலும் பிற மொழியும் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

கேட்டலாக் என்பது பள்ளி செய்ய எண்ணியதைச் சொல்லும் ஆவணம். நடந்ததை அறிய வேறு சான்றுகளும் வேண்டும். தேர்வு வாரியம் தன் வினாத்தாள்களை ஆண்டுதோறும் நூலாக வெளியிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் ஆகிய இணைய நூலகங்களில், அகாடமிகளின் கேட்டலாக்குகளைப் போலவே இவற்றையும் ஆங்கிலத்தில் தேடிக் காணலாம். நீங்கள் எழுதும் மனிதர் அகாடமியை விட்டுச் சென்ற ஆண்டின் வினாத்தாளையும் அதற்கு முந்தைய ஆண்டின் வினாத்தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மாணவர்கள் சில பாடங்களை ஓராண்டு முன்னதாகவே 'பிரிலிமினரி'யாக எழுதி முடித்துவிடுவது வழக்கம். ஒன்றில் தவறினாலும் கல்லூரி 'கண்டிஷன்' வைத்து, அதாவது பின்னர் எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையுடன், சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆகவே ஒருவர் கல்லூரியில் சேர்ந்தார் என்பதைக் கொண்டே பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் அவர் படித்துத் தேறினார் என்று எழுதிவிடாமல், 'கிளாசிக்கல் பிரிவில் நான்கு ஆண்டு லத்தீனும், அதோடு சில ஆண்டு கிரேக்கமும், இருபடிச் சமன்பாடுகளுக்கு மேலும் செல்லும் இயற்கணிதமும், தள வடிவியலும் கற்பிக்கப்பட்டன. அவர் அந்தப் பிரிவில் பயின்றார்' என்ற அளவில் எழுதுங்கள். மதிப்பெண் பதிவேடு கிடைத்தால் அந்த வாக்கியத்தை விரிக்கலாம்.